பொட்டு வைத்த ஊசிகள்

இந்தக் குடும்பத்தை வாரா வாரம் பார்த்து வருகிறவர்களுக்கு மூக்காயியின் சபதம் மறந்திருக்காது. புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

மூக்காயிக்கு இரண்டு மகன்கள். இளையவன் இளங்கோ கண்டி டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில், டாட்டூ கடை வைத்திருக்கிறான். "மனுசன் தோலக் குத்தித்தான் சோறு திங்கணுமா?" என்று கேட்டு, அந்தக் கடைப் படியை மிதிக்கவே மாட்டேன் என்றவள் மூக்காயி. மூத்தவன் முத்துலிங்கம் கட்டாருக்குப் போனவன். தகப்பன் இறந்தபோது கொள்ளி வைக்க அவன் வரவில்லை. இளையவன்தான் வைத்தான். அன்றிலிருந்து அம்பிட்டிய வீட்டில் மூத்தவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தால் மூக்காயி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் போன வாரம் கொஞ்சம் இளகினாள். பல்லேகலையில் அவள் வேலை செய்யும் கார்மென்ட் பெக்டரியில் ஒருத்தி, கையில் கிடந்த பழைய தீக்காயத் தழும்பை இளங்கோவிடம் மல்லிகைக் கொடியாக மாற்றிக்கொண்டு வந்து காட்டினாள். "அக்கா, ஒங்க மகனுக்கு ராசியான கை" என்றாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மூக்காயி மருமகளைக் கூப்பிட்டு, "நாளைக்குக் கடைக்கு நானே வந்து பொட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

சுகிர்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியாரையும் கடையையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க அவள் வேண்டாத தெய்வமில்லை. அன்று கடையை இளங்கோவிடம் விட்டுவிட்டு, பொரி, கடலை, அவல் வாங்க முன்னதாகவே கிளம்பிவிட்டாள். இளங்கோ நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான். "கடைசி நேரத்துல ஒரு ஆள் வந்துட்டாரு" என்றான். சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாதியில் எழுந்துகொண்டான். அம்மா வரப்போகிற சந்தோஷம் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் மூக்காயி குளித்து, பட்டுச் சேலை கட்டி, கடைச் சாவியை வாங்கிக்கொண்டு யாருக்கும் காத்திராமல் பஸ் ஏறிவிட்டாள். சுகிர்தா பொங்கலை இறக்கி, இளங்கோ மாலை வாங்கி, இருவரும் கடைக்கு வந்து சேர்ந்தபோது படியிலேயே சாம்பிராணி வாசனை வந்தது.

"பாத்தீங்களா, எங்க அத்தைய!" என்று சுகிர்தா பெருமையோடு ஏறினாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நடு மேசையில் தலைவாழை இலை. அதன் மேல் கடையில் இருந்த ஊசிகள் எல்லாம். ஒன்று விடாமல், கவரைப் பிரித்து வெளியே எடுத்து, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, அதன் மேல் குங்குமம். ஊசி மாட்டும் இரும்புப் பிடிகளுக்கும் அதே மரியாதை. மைப் போத்தல்களின் மூடியைக்கூடத் திறந்து ஆளுக்கு ஒரு செவ்வரளி செருகியிருந்தது.

"வா தாயி" என்றாள் மூக்காயி, முகமெல்லாம் பூரித்துப்போய். "எல்லாத்தையும் கவருக்குள்ள ஒட்டி ஒட்டி வச்சிருந்தீங்க. அம்மன் எப்பிடிப் பாப்பா? ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுக்குறதுக்குள்ள வெரலே நொந்து போச்சு."

சுகிர்தாவுக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு பல் டொக்டரின் கிளினிக்கில் வேலை பார்த்தவள். கடையில் சுத்தம் அவள் ராஜ்யம். கையுறை போட்ட கையால் இளங்கோ போனைத் தொட்டுவிட்டால், கையுறையைக் கழற்றி எறிந்து, கை கழுவி, புதிதாகப் போட வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க விடுவாள். ஒருவருக்குக் குத்திய ஊசி அடுத்தவருக்கு இல்லை. கிண்ணத்தில் மிஞ்சிய மை போத்தலுக்குத் திரும்பாது. ஆள் உட்காரும் கதிரையும் விளக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகப் பிளாஸ்டிக் உறை மாற்றிக்கொள்ளும். இரும்புப் பிடிகளை நீராவியில் அவித்தெடுக்கும் இயந்திரத்துக்கு மூக்காயி பார்க்காமல், கேள்விப்பட்டே வைத்த பெயர் 'இட்லிப் பானை'. "எனக்கு மாமியார் யாருன்னு கேட்டா எம் பொண்டாட்டியத்தான் சொல்லணும்" என்று இளங்கோ வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியைத் திரும்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினான்.

அதற்குள் படியில் சத்தம். வாடிக்கையாளர் சுதேஷ் வந்துவிட்டான். ஓட்டோ ஓட்டுகிறவன். தன் மகளின் பிஞ்சுப் பாதத்தைக் காகிதத்தில் பதித்து எடுத்து வந்திருந்தான். நல்ல நாளில் அதைத் தோளில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. கீழே அவனுடைய ஓட்டோ வாழைக்கன்றும் தோரணமுமாகக் கல்யாண மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது.

"அட! பூசையெல்லாம் தடபுடலா இருக்கே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான் சுதேஷ். "அண்ணே, சாமி கும்பிட்ட ஊசியிலயே ஆரம்பிங்க. எம் மகளுக்கு நல்லது."

"அப்பிடிச் சொல்லு ராசா" என்றாள் மூக்காயி.

இளங்கோ மெதுவாக, "ஸ்பிரிட்டால தொடச்சிட்டு ஒண்ணே ஒண்ணு..." என்று சுகிர்தாவின் காதோரம் இழுத்தான்.

அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அம்மா முதன் முதலாகக் கடைக்குள் வந்திருக்கிறாள். அவள் பூஜை செய்ததைக் குப்பையில் போடு என்று எந்த மகனால் சொல்ல முடியும்? மகனால் முடியாதது மருமகளால் முடியுமா? நாளைக்கு அம்பிட்டிய முழுக்க, 'மாமியார் வச்ச பொட்ட அழிச்சவ' என்று பேர் வரும். வந்துவிட்டுப் போகட்டும் என்று சுகிர்தா முடிவு செய்தாள். சுதேஷின் தோள் சீழ் பிடித்தால் அதைத் தூக்கிக்கொண்டு அலையப்போவது அந்தப் பிள்ளையின் தகப்பன்தான்.

"அத்தை, ஒரு விசயம் கேக்கட்டா? ஒங்க பெக்டரி லைன்ல தைக்கிறப்போ ஊசி ஒடஞ்சா என்ன செய்வீங்க?"

மூக்காயி நிமிர்ந்தாள். பெக்டரி என்று வந்துவிட்டால் அவள் வேறு ஆள். "லைனையே நிப்பாட்டிருவோம். ஒடஞ்ச துண்டு கடைசித் துண்டு வரைக்கும் கெடைக்கணும். கெடைக்காட்டி அந்தப் பெட்டித் துணி பூராவும் ஒதுக்கிருவோம். சின்னப் புள்ள உடுப்புல்ல? குத்திருச்சுன்னா?"

"துணி நல்ல துணிதானே?"

"நல்ல துணிதான். ஆனா நம்ப முடியாதே."

"இந்த ஊசியும் அப்பிடித்தான் அத்தை. கவருக்குள்ள இருக்கிற வரைக்குந்தான் நம்பலாம். வெளிய எடுத்து நம்ம கையி, சந்தனம், காத்து எல்லாம் பட்டுட்டா, அத இன்னொருத்தர் தோலுக்குள்ள எறக்க முடியாது. அம்மன் கோவிக்க மாட்டா. ஆனா கிருமி சாமி கும்பிடாது."

மூக்காயியின் முகம் சுண்டிப்போனது. இலையையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இத்தனையும் நான் பாழாக்கிட்டேனா?"

"பாழாக்கலம்மா..." என்று இளங்கோ ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா. அவதான் சொல்றாளே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, லைன் மேற்பார்வை செய்கிறவளின் குரல் தானாக வந்தது. "லைன நிப்பாட்டு. சுதேஷு, நீ இன்னைக்குப் பொங்கல் சாப்புட்டுப் போ. பாதம் எங்கயும் ஓடிறாது. ஊசி வந்தப்பொறம் வா. அப்ப நான் வாசக்கதவுக்கும் கதிரைக்கும் மட்டும் பொட்டு வச்சுக்கிறேன். அது சரியா, டொக்டரம்மா?"

சுகிர்தா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு மாமியார் கிடைக்க, எந்தப் பிறவியில் எந்தக் கோயிலில் கூட்டிப் பெருக்கினோமோ என்று இருந்தது.

கையுறையை மாட்டிக்கொண்டு, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். கூர்மையான கழிவுகளுக்கென்று இருக்கும் பெட்டி அது. நேற்று மத்தியானம்தான் நிறைந்த பெட்டியை அனுப்பிவிட்டுப் புதியதை வைத்திருந்தாள். குங்குமம், குங்குமம், குங்குமம்... ஒரு ஊசியில் வந்து கை நின்றது.

அதன் முனையில் குங்குமத்துக்குக் கீழே கறுப்பு. காய்ந்த மை.

"அத்தை, இது எங்க இருந்துச்சு?"

"அதுவா? அந்தத் தட்டுல. அது மட்டும் ஏற்கனவே பிரிச்சுக் கெடந்துச்சு. தம்பி எனக்கு முன்னாடியே எடுத்து வச்சிருக்கான்னு நெனச்சேன். அந்தச் சனியந்தான் குத்திருச்சு." மூக்காயி வலது ஆள்காட்டி விரலை நீட்டினாள். விரல் நுனியில் மஞ்சள் அப்பியிருந்தது. "ஒண்ணுமில்ல. மஞ்சள் வச்சிட்டேன்."

ஊசி குத்தியது சுகிர்தாவுக்குப் பயமில்லை. யாரோ ஒருவரின் உடம்புக்குள் போய் வந்த ஊசி குத்தியதுதான் பயம். ஈரலைத் தின்னும் கிருமியும், அதைவிடப் பொல்லாததும், கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தத்தில் ஆள் விட்டு ஆள் தாவும் என்பதைக் கிளினிக்கில் அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவளும் இளங்கோவும் ஈரல் கிருமிக்கான தடுப்பூசி போட்டவர்கள். மாமியார் போட்டதில்லை.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மாமியாரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் விரலைப் பிடித்தாள். "பிதுக்காதீங்க அத்தை. வாயில வைக்காதீங்க. தண்ணி ஓடட்டும்." கழுவிக்கொண்டே திரும்பினாள். "என்னங்க, நேத்து நான் போறப்போ தட்டு காலியா இருந்துச்சு. அதுக்குப் பொறகு யாருக்குக் குத்துனீங்க?"

இளங்கோவின் முகத்தில் இரத்தமே இல்லை. "ஒரு ஆளு."

"அது எந்த ஆளு?"

"தெரியாது. பேரு கேக்கல."

பேரும் வியாதியும் மருந்தும் கேட்காமல் அவன் யார் தோலையும் தொட்டதில்லை. குத்தி முடித்த கையோடு ஊசியைப் பெட்டியில் போடாமல் இருந்ததும் இல்லை. நேற்று இரண்டும் நடந்திருக்கிறது. இவனுக்கு என்ன ஆனது என்று யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. சுதேஷ் ஏற்கனவே படியிறங்கி ஓட்டோவை முறுக்கிக்கொண்டிருந்தான்.

வாழைக்கன்று ஆட, தோரணம் பறக்க, மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோ ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. வழியில் பார்த்தவர்கள் கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள். பட்டுச் சேலையோடு நடுவில் இருந்த மூக்காயிகூட, "இந்த அலங்காரத்துல ஆஸ்பத்திரிக்குப் போற மொத ஆளு நாந்தான்" என்று சிரித்தாள். சுகிர்தா அந்தக் கையை விடவேயில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ரிப்கா விரலைத் திருப்பிப் பார்த்தாள். மடவளை ஊர்ப் பெண். சின்ன வயசு, பொறுமையான குரல்.

"கழுவினது நல்லம். மஞ்சள்தான் வாணாம். ஒங்களுக்கு இப்ப ரத்தம் எடுப்பம், தடுப்பூசியும் தொடங்குவம். பயப்பட வாணாம்மா." பிறகு இளங்கோவைப் பார்த்தாள். "அந்த ஊசி ஆருக்குக் குத்தினது? அவரையும் கூட்டி வாங்க. அவர்ட ரத்தத்தையும் பாக்கோணும். சுத்தம் எண்டு தெரிஞ்சா அம்மா இண்டைக்கே நிம்மதியாத் தூங்கலாம். ஆள் கெடைக்காட்டி, மாசக்கணக்கா மருந்தும் சோதனையும் பயமுந்தான்."

"அவர வர வைக்க ஏலாது டொக்டர்" என்றான் இளங்கோ.

சுகிர்தாவுக்குப் பொறுமை எல்லை கடந்துவிட்டது. அவனை வெளி வராந்தாவுக்கு இழுத்தாள். மூக்காயியும் பின்னாலேயே வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"பெத்த தாய் உள்ள ஒக்காந்திருக்கா. யாரோ ஒரு ஆளுக்காக மறைக்கிறீங்க. யாருங்க அது?"

"நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் சுகி."

"யாருக்கு?"

இளங்கோ சுவரில் சாய்ந்தான். "அண்ணனுக்கு."

சுகிர்தா பிடித்திருந்த அவன் கையை விட்டாள்.

"லீவுல வந்திருக்காரு. கடைய மூடுற நேரம் வந்து நின்னாரு. வீட்டுக்கு வாங்கன்னேன், அந்த வாசல மிதிக்கிற மொகம் எனக்கில்லன்னாரு. நெஞ்சுல அம்மா பேரக் குத்திவிடுடான்னாரு. அப்பாவுக்குக் கொள்ளி வச்ச கையால குத்துன்னு சொல்லி அழுதாரு. நானும் அழுதேன். முடிச்சுட்டு அவரக் கொண்டுபோயி விட ஓடுனதுல ஊசியத் தட்டுலயே வச்சிட்டுப் போயிட்டேன். இன்னைக்குக் கொழும்புக்குப் போறாரு. ராத்திரி பிளைட்டு."

"என்ன எழுதுன?"

மூக்காயியின் குரல். இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"அம்மா..."

"என்ன எழுதுனன்னு கேக்குறேன்."

"மூக்காயின்னு. வேற ஒண்ணும் இல்லம்மா. அது மட்டுந்தான்."

அவள் அடுப்படிக்குப் போகவில்லை. போக அங்கே அடுப்படியும் இல்லை. பக்கத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கல்லாக வைத்திருந்த முகம் கோணிக்கொண்டு போனது. விரலை மடியில் வைத்து, அது தன்னுடையது இல்லை என்பதுபோலப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்த சுகிர்தாவுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப இது லிங்கம் ரத்தம்" என்றாள் மூக்காயி. "எங்கிட்ட இருந்து போன ரத்தந்தானே? அது என்ன செஞ்சிரும் என்ன? வாங்க போவோம். எனக்கு மருந்தும் வேணாம், சோதனையும் வேணாம். எம் புள்ள ரத்தத்த அழுக்குன்னு எவளும் எழுதக் கூடாது."

எழுந்தே விட்டாள். இளங்கோ கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சுகிர்தாதான் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"யாரும் அழுக்குன்னு சொல்லல அத்தை. ஆனா கிருமிக்குச் சொந்த பந்தம் தெரியாது. ஒங்க மூத்தவருக்குக் கிருமி இருந்தாலும் அவருக்கே தெரியாம இருக்கலாம். இருந்துச்சுன்னா அவருக்கும் மருந்து வேணும்ல? ஒங்களுக்காகப் பாக்க வேணாம். அவருக்காகப் பாருங்க."

மூக்காயி அசையவில்லை. தனக்காக என்றால் அவள் போயிருப்பாள். மூத்தவனுக்கும் ஆபத்து என்ற பேச்சு அவளைக் கட்டிப் போட்டுவிட்டது. பிறகு மருமகளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"போனக் குடு."

இளங்கோ எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக் கொடுத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இரைச்சலுக்கு நடுவே, "சொல்லுடா தம்பி, பஸ் இப்பத்தான் பேராதனையத் தாண்டுது" என்றது ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டதும் மூக்காயியின் தோள் குலுங்கியது. சுகிர்தா அவள் முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

"தம்பி? கேக்குதா?"

"நான் மூக்காயி பேசுறேன்" என்றாள் அவள்.

எஞ்சின் இரைச்சல் மட்டும்.

"அப்பனுக்குக் கொள்ளி வைக்கத்தான் நீ வரல. பரவாயில்ல. ஆத்தாளுக்கு ஒரு சொட்டு ரத்தம் குடுத்துட்டுப் போடா. நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்."

ஒரு மணி அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு மணி அடித்தால் புறப்படும்; தினம் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு அது பழக்கம். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். போனுக்குள் பஸ் மணி ஒரு தரம் அடித்தது.